கேள்வி, மொழிபெயர்ப்பாளர், சாட்சி: பெருவின் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ

பெருவுக்கு ஸ்பெயின் அனுப்பிய முதல் நான்கு வைஸ்ராய்களில் ஒருவர்கூட உயிரோடு தாய்நாடு திரும்பவில்லை. முதலாமவர் 1546-இல் தம் நாட்டவரே நடத்திய கலகத்தில் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். நான்காமவர் 1564-இல் லிமாவில் மர்மமான முறையில் மாண்டார். இடையில் வந்த இருவரும் பதவியிலிருக்கும்போதே இறந்தனர். இந்த வரிசையில் ஐந்தாவதாக 1569-இல் லிமாவுக்குள் நுழைந்த பிரான்சிஸ்கோ தெ தொலேதோ பன்னிரண்டு ஆண்டுகள் ஆண்டார், நாடும் திரும்பினார். ஆண்டியன் மலைநாட்டின் குடியமைப்பு, வரி, உழைப்பு, வழக்காடும் முறை ஆகிய அனைத்திலும் அவருடைய கை படிந்திருக்கிறது.

அவர் 1515-இல் ஒரொபேசாவின் மூன்றாம் கோமகனுடைய இளைய மகனாகப் பிறந்தார். பட்டமும் நிலமும் மூத்தவருக்கே போகும் என்பதால், இத்தகைய குடும்பங்களின் இளைய பிள்ளைகளுக்குத் திருச்சபை அல்லது அரச சேவை ஆகிய இரண்டே வழிகள் இருந்தன. தொலேதோ அல்காந்தாரா வீரத்துறவுச் சபையில் சேர்ந்தார். பேரரசர் ஐந்தாம் சார்லசின் அவையில் வளர்ந்து, அவருடைய படையெடுப்புகளில் பங்கேற்றார். பெருவுக்குப் புறப்படும்போது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. இரண்டாம் பிலிப்பு 1568-இல் கூட்டிய பெரும் ஆலோசனைக் குழுவின் முடிவுகள் அவர் கையில் இருந்தன. கொள்ளையடித்துச் செல்வம் சேர்க்க வந்த பிசாரோ தலைமுறையினரோடு அவரைச் சேர்த்துப் பார்ப்பது தவறு. அவர் கோப்புகளின் மனிதர். என் கருத்தில், கூடுதலாக அஞ்சத்தக்க வகையும் அதுவே.

1570 அக்டோபரில் லிமாவை விட்டுப் புறப்பட்டு மலைநாட்டைச் சுற்றி வந்தார். தலைநகருக்குத் திரும்பியது 1575-இல். இந்த ஐந்தாண்டுப் பயணத்தின் தொடக்கத்திலேயே எழுந்த ஆவணத் தொகுதி ஒன்றைப் பற்றித்தான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வரலாற்றாசிரியர்கள் அதனைத் 'தகவல் விசாரணைகள்' என்று அழைக்கின்றனர்.

1570-க்கும் 1572-க்கும் இடையே ஹௌஹா, ஹுவாமாங்கா, குஸ்கோ, யூக்காய் முதலிய இடங்களில் இருநூறு பேரளவில் சாட்சியம் பெறப்பட்டது. பெரும்பாலோர் முதியவர்கள், இன்கா ஆட்சியைக் கண்ணால் கண்டவர்கள், அல்லது கண்டவர்களின் பிள்ளைகள். கேட்கப்பட்ட கேள்விகளின் போக்கு ஏறத்தாழ இவ்வாறு இருந்தது: இன்காக்களுக்கு முன் இந்நிலத்தில் பேரரசர் எவரும் இல்லை என்பது உண்மையா? இன்காக்கள் மக்களின் விருப்பத்தாலன்றிப் போரினாலும் கொடுமையினாலும் ஆட்சியைப் பிடித்தார்கள் என்பது உண்மையா? இம்மக்கள் இயல்பிலேயே சோம்பலுடையவர்கள் என்பதால்தான் இன்காக்கள் அவர்களை ஓயாது வேலை வாங்கினார்கள் என்பது உண்மையா? விடைகள் பெரும்பாலும் 'ஆம்' என்றே பதிவாகியுள்ளன; அதுவும் கேள்வியின் சொற்களையே திருப்பிச் சொல்லும் விடைகளாக.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று தோன்றலாம். 1566-இல் மறைந்த பர்த்தொலோமே தெ லாஸ் கசாஸ் என்ற துறவி, இன்காக்களே அந்நிலத்தின் முறையான அரசர்கள். அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது திருப்பித் தரப்பட வேண்டும் என்று வாதிட்டிருந்தார். அந்த வாதம் மன்னரின் மனசாட்சியை உறுத்திக்கொண்டிருந்தது. தொலேதோ லாஸ் கசாசின் நூல்களைப் பெருவில் பறிமுதல் செய்ய ஏற்பாடு செய்தார். ஆனால் நூல்களைப் பறித்தால் மட்டும் வாதம் தோற்றுவிடாது; எதிர்ச்சான்று வேண்டும். இன்காக்களே கொடுங்கோலர்கள் என்று நிறுவிவிட்டால் ஸ்பானியர் அபகரித்தவர்கள் ஆகமாட்டார்கள், விடுவித்தவர்கள் ஆகிவிடுவார்கள். அந்தச் சான்றைச் சாட்சிகளின் வாயிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது.

மொழியியல் படித்தவர்கள் இங்கே நின்று பார்க்க வேண்டும். சாட்சிகள் பேசியது பெரும்பாலும் கெச்சுவா. எழுத்தர் எழுதியது ஸ்பானியம். இடையில் மொழிபெயர்ப்பாளர். கெச்சுவாச் சொற்கள் எங்கும் பதிவாகவில்லை. கெச்சுவாவில் ஒருவர் ஒரு செய்தியைக் கூறும்போது அதைத் தாமே அறிந்து சொல்கிறாரா, பிறர் சொல்லக் கேட்டுச் சொல்கிறாரா என்பதை ஒட்டுகள் காட்டிவிடும்: நேரறிவுக்கு 'மி', கேள்விச் செய்திக்கு 'சி'. நமக்கு இது அந்நியமன்று. 'வந்தான்' என்பதற்கும் 'வந்தானாம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தத் தமிழ்க் குழந்தையும் அறியும். பாட்டனார் காலத்துப் போரைப் பற்றிப் பேசும் முதியவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் தம் பொறுப்பின் எல்லையை இவ்வாறு குறித்திருக்கக்கூடும். ஸ்பானியப் பதிவிலோ 'தந்தையிடமும் முதியோரிடமும் கேட்டதாகச் சொன்னார்' என்று ஒரு தொடர் வரும். அதன்பின் அனைத்தும் ஒரே தட்டையான கூற்றுகளாக ஓடும். எந்தக் கூற்றை அவர் உறுதிப்படுத்தினார், எதை வெறும் செவிவழிச் செய்தியாக விட்டார் என்பது அங்கேயே அழிந்துபோயிற்று.

இவ்விசாரணைகளோடு நில்லாமல் பேத்ரோ சார்மியேந்தோ தெ காம்போவா என்பவரைக் கொண்டு இன்காக்களின் வரலாறு ஒன்றையும் எழுதச் செய்தார் தொலேதோ. 1572-இன் தொடக்கத்தில் குஸ்கோவில் அந்நூல் இன்கா குலங்களைச் சேர்ந்த 42 பேர் முன்னிலையில் மொழிபெயர்ப்பாளர் வழியாக வாசித்துக் காட்டப்பட்டது. அவர்கள் ஒப்புதல் அளித்ததாகச் சான்றும் இணைக்கப்பட்டது. தம் முன்னோரைக் கொடுங்கோலர் என்னும் நூலுக்கு அவர்களே சாட்சி. கைப்பிரதி மன்னருக்குச் சென்றது, அச்சேறவில்லை. கைமாறிக் கைமாறி ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக நூலகத்தில் ஒதுங்கிக் கிடந்து, 1906-இல்தான் வெளிவந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் வாதம் வாளாக மாறியது. வில்காபாம்பா காட்டில் எஞ்சியிருந்த இன்கா அரசின் மீது தொலேதோ படை அனுப்பினார். இளைஞரான இன்கா தூப்பாக் அமாரு பிடிபட்டார். அவரைக் கொல்ல வேண்டாம், ஸ்பெயினுக்கு அனுப்பிவிடலாம் என்று குருமார்கள் மண்டியிட்டு வேண்டியும் வைஸ்ராய் இணங்கவில்லை. 1572 செப்டம்பர் 24 அன்று குஸ்கோவின் சதுக்கத்தில் திரண்டிருந்த மக்கள் முன் தலை வெட்டப்பட்டது.

பொருளாதாரத்தில் அவர் செய்தவை அனைவரும் அறிந்தவை என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். சிதறிய மலைக்குடிகளைச் சேர்ந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், தேவாலயமும் சதுக்கமும் சிறையும் கொண்ட கட்டம்போட்ட ஊர்களுக்குப் பெயர்த்துக் குடியமர்த்தப்பட்டனர். நாலாயிரம் மீட்டர் உயரத்திலிருந்த பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்குப் பதினாறு மாகாணங்களிலிருந்து ஆண்டுதோறும் ஏழில் ஒரு பங்கு ஆண்கள், ஏறத்தாழ 13,500 பேர், வர வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் ஹுவான்காவெலிக்காவிலிருந்து வந்தது; அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களின் நுரையீரலும் நரம்பும் கெட்டன. இந்த உழைப்பு முறையின் பெயர் 'மீத்தா'. கெச்சுவாவில் 'முறை', 'தவணை' என்று பொருள். இன்கா காலத்தில் அரசுக்குத் தன் முறை வரும்போது உழைத்தவனுக்கு அரசு உணவும் மதுவும் தந்தது. தொலேதோ சொல்லை அப்படியே வைத்துக்கொண்டார். கூலி என்று பெயருக்கு ஏதோ தரப்பட்டது, அது வயிற்றுக்குப் போதவில்லை. ஊர்த்தலைவரைக் குறிக்கும் 'குராக்கா' என்ற சொல்லுக்கோ நேர்மாறான கதி: கரீபியத் தீவுகளின் தாயினோ மொழியிலிருந்து ஸ்பானியர் எடுத்துவந்த 'கசீக்கே' அதன் இடத்தில் அமர்ந்தது. மீத்தா 1812 வரை நீடித்தது. அது நிலவிய மாவட்டங்கள் அண்டை மாவட்டங்களைவிட இன்றும் வறுமையில் இருப்பதை மெலிசா டெல் 2010-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

தொலேதோவைப் பெருவின் தலைசிறந்த அமைப்பாளர் என்று போற்றியவர்களும் உண்டு. அர்ஜென்டினா வரலாற்றாசிரியர் ரொபேர்த்தோ லெவிலியர் பல தொகுதிகள் எழுதி அவருக்காக வாதாடினார். 'அரசர்களுக்குச் சேவை செய்ய அனுப்பினேன், கொல்வதற்கன்று' என்று இரண்டாம் பிலிப்பு அவரைக் கடிந்ததாக இன்கா கார்சிலாசோ எழுதிய கதையைப் பலரும் எடுத்தாள்கின்றனர். கதை இனிமையானது, ஆனால் மரண தண்டனைக்குப் பின் ஒன்பது ஆண்டுகள் அதே மன்னர் அவரைப் பதவியில் வைத்திருந்தார் என்பதை மறக்கக்கூடாது. உடல்நலம் குன்றியதால் தம்மை விடுவிக்குமாறு தொலேதோ கேட்டுக்கொண்டே இருந்தார். 1581-இல் விடுபட்டு, மறு ஆண்டு எஸ்கலோனாவில் இறந்தார்.

மொழியின் பக்கம் ஒரு செய்தி எஞ்சியுள்ளது. 1575-இல் கெச்சுவா, ஐமாரா, புக்கினா ஆகிய மூன்று மொழிகளுக்கும் அரசு மொழிபெயர்ப்பாளரை நியமித்தவர் தொலேதோ; இவற்றுள் புக்கினா இன்று இறந்த மொழி. லிமாவின் சான் மார்க்கோஸ் பல்கலைக்கழகத்தில் கெச்சுவாவுக்குப் பேராசிரியர் இருக்கை அமைத்து, அம்மொழி அறியாத குருவுக்கு மலைநாட்டுப் பங்கு கிடையாது என்று விதித்தவரும் அவரே. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 1780-இல், ஹோசே கபிரியேல் கொண்டோர்கான்கி என்பவர் இரண்டாம் தூப்பாக் அமாரு என்று பெயர் சூட்டிக்கொண்டு கிளர்ந்தெழுந்தார். மறு ஆண்டு அதே குஸ்கோ சதுக்கத்தில் அவரும் கொல்லப்பட்டார். இன்கா உடைக்கும் கெச்சுவா நாடகங்களுக்கும் தடை வந்தது. தொலேதோ நிறுவிய கெச்சுவா இருக்கையும் அக்கலகத்துக்குப் பின்னரே மூடப்பட்டது.