கலையும் மெய்யியலும் அரசியல் போராட்டமும்: எண்ணூர்–வள்ளூர் கழிமுகம்

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் கழிமுகத்தைக் காக்க நடந்துவரும் போராட்டத்தில் மீனவர்களின் மனுக்களும் நீதிமன்ற வழக்குகளும் ஒரு பக்கம். கர்நாடக இசை, கானா, பொதுச்சொத்து குறித்த மெய்யியல் விவாதம் ஆகியவை மறுபக்கம். கலைக்கும் சிந்தனைக்கும் அரசியலில் என்ன வேலை என்ற பழைய கேள்விக்குத் தமிழகத்தில் அண்மையில் கிடைத்த தெளிவான எடுத்துக்காட்டு இது.

கழிமுகத்தின் வடகரையில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் வள்ளூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி ஆகிய ஊர்கள் உள்ளன. வடசென்னை அனல்மின் நிலையம், தலா 500 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகளைக் கொண்ட வள்ளூர் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் எல்லாம் சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்கும். நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பல் நீரோடு கலக்கப்பட்டு, குழாய்கள் வழியாகச் சாம்பல் குளங்களுக்குப் போகிறது. குழாய் உடைந்த இடங்களில் அந்தக் குழம்பு பக்கிங்காம் கால்வாயிலும் ஆற்றிலும் இறங்கியது. ஆழமாக இருந்த இடங்கள் மேடாகி, வற்றுநீர் நேரத்தில் படகு தரைதட்டுகிறது. இறால் பிடிக்க இறங்குபவரின் கால் முழங்கால் அளவுச் சாம்பல் சேற்றில் புதைகிறது.

இந்த நீரும் சதுப்பும் யாருக்குச் சொந்தம் என்ற இடத்தில்தான் மெய்யியல் நுழைகிறது. வரி விதிக்கப்படாத பொதுநிலம் வருவாய்த்துறைப் பதிவேட்டில் ‘புறம்போக்கு’. தெருவில் அதுவே வசவு. பயனற்றது என்று எண்ணப்படும் நிலத்தைத் தொழிற்சாலைக்கு எடுத்துக்கொடுப்பது எளிது. பொதுவளம் ஆளாளுக்குச் சுரண்டப்பட்டு அழிந்தே தீரும் என்று 1968இல் காரெட் ஹார்டின் வாதிட்டார். எலினோர் ஆஸ்ட்ரம் உலகெங்குமுள்ள மீன்பிடிப் பகுதிகளையும் பாசன அமைப்புகளையும் ஆராய்ந்து, மக்கள் தாங்களே வகுத்த விதிகளால் பொதுவளத்தைத் தலைமுறைகளாகக் காத்திருப்பதைக் காட்டினார். 2009இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்துப் பழவேற்காட்டு ஏரியில், யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ முறை வழிவழியாக இருந்துவருகிறது.

இந்தச் சிந்தனை சட்டத்துக்குள்ளும் வந்தது. ஆறு, கடற்கரை, காடு போன்றவற்றுக்கு அரசு உரிமையாளர் அல்ல, மக்கள் சார்பில் அறங்காவலர் மட்டுமே என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996இல் கமல்நாத் வழக்கில் ஏற்றது. கிராமப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஆனால் தீர்ப்பைப் படிப்பவர்கள் சிலர்தான்.

2017 ஜனவரியில் வெளியான ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ அந்த வாதத்தைப் பொதுமக்களிடம் கொண்டுபோனது. சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் இம்முயற்சியில் முன்னின்றார். கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத்தமிழில் எழுதிய வரிகளுக்கு ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக இசையமைத்தார். டி.எம். கிருஷ்ணா பாடினார். காணொளியை இயக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். கர்நாடகக் கச்சேரிக்குரிய ஆனந்தபைரவியில் சென்னையின் தெருமொழி ஒலித்தது பலரை நிமிரவைத்தது. சபா மேடையில் அமரவேண்டிய பாடகர், அனல்மின் நிலையப் பின்னணியில், சாம்பல் படிந்த நிலத்தில் முகமூடியுடன் தோன்றினார். பாடலின் வாதம் எளியது: புறம்போக்கு யாருக்கும் சொந்தமில்லாதது அன்று, எல்லோருக்கும் பொதுவானது. வசவைப் பெருமைப் பெயராக ஏற்றுக்கொள்ளவும் அது கேட்போரைத் தூண்டியது.

பிரெஞ்சு மெய்யியலாளர் ழாக் ரான்சியேரின் கருத்துப்படி, யாருடைய பேச்சு பேச்சாகக் கேட்கிறது, யாருடையது வெறும் இரைச்சலாகக் கேட்கிறது, எது கண்ணில் படுகிறது, எது படாமல் போகிறது என்ற பங்கீடே அரசியலின் அடித்தளம். கலை அந்தப் பங்கீட்டைக் கலைக்கிறது. எண்ணூருக்கு இது அப்படியே பொருந்தும். ஆனால் அதே அளவுகோல் பாடலையும் சங்கடத்துக்கு உள்ளாக்குகிறது. மீனவர்கள் ஆண்டுக்கணக்காகச் சொன்னது செய்தியாவதற்கு, மகசேசே விருது பெற்ற மேல்சாதிப் பாடகர் ஒருவர் தேவைப்பட்டார். கேட்கப்படுவதிலுள்ள ஏற்றத்தாழ்வைப் பாடல் பயன்படுத்திக்கொண்டதே தவிர ஒழிக்கவில்லை. சபா இசையின் சாதித்தன்மையை வெளிப்படையாக விமர்சித்துவரும் கிருஷ்ணாவின் நிலைப்பாட்டோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் இந்த முரண் முழுதாக விளங்கும்.

இப்படி வெளியிலிருந்து வரும் குரலைச் சாராமல், வடசென்னைக்கு அதன் சொந்தக் குரல் கானாவில் இருக்கிறது. 2018 ஜனவரியில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் முன்முயற்சியில் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு, கானாவை ராப், ராக் இசைகளோடு இணைத்துச் சாதியையும் இடஒதுக்கீட்டையும் பாடியது. 1907 முதல் ‘தமிழன்’ இதழை நடத்திய அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற கருத்திலிருந்து குழுவின் பெயர் பிறந்தது. நூறாண்டு பழமையான சிந்தனை ஒன்று பறை, கானா மேடைக்கே பெயரானது இப்படித்தான்.

போராட்டப் பாட்டுக்குத் தமிழகத்தில் நீண்ட மரபு உண்டு. நாடக மேடையில் தேசபக்திப் பாடல்களைப் பாடியதற்காக எஸ்.எஸ். விஸ்வநாததாஸ் பலமுறை சிறை சென்றார். பாரதியின் பாடல் நூல்கள் 1928இல் பறிமுதல் செய்யப்பட்டன. 2015இல் மதுக்கடைகளுக்கு எதிராகப் பாடிய மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன் தேசத்துரோக வழக்கில் கைதானார். பாட்டின் வலிமையில் அரசுகள் வைத்திருந்த நம்பிக்கை பாடகர்களுக்கே இருந்ததா என்பது ஐயம்தான்.

புறம்போக்குப் பாடல் சாம்பலை அகற்றவில்லை. வெளியான அதே மாதம் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் பரவியது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தில் படிந்தது. அதே மாதக் கடைசியில் எண்ணூர் உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மறுநாளே தொழிற்சாலை வாயிலில் உட்கார்ந்தவர்கள் பெரியகுப்பம் முதலான மீனவ ஊர்களின் மக்கள். ஆற்றைத் தூர்வாருவதும் சாம்பல் குழாய்களைச் சீரமைப்பதும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் வழக்குகளாலும், விடாது மனுக்கொடுத்த மீனவர்களாலும் நகர்ந்துவரும் வேலைகள்.