ஃபெர்லாக் கம்மியரும் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியும்

கொலைக்கருவி ஒன்றைக் கலைப்பொருளாகப் போற்றலாமா என்னும் வினா மிகப் பழமையானது. வாளையும் வேலையும் அழகு செய்த நாகரிகங்கள் யாவும் இவ்வினாவை எதிர்கொண்டுள்ளன. ஆஸ்திரியாவின் தென்பகுதியில், காரிந்தியா மாநிலத்தில், கரவாங்கன் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஃபெர்லாக் என்னும் சிற்றூரின் வரலாறு இதனை ஆழ்ந்து சிந்திக்கத் தூண்டுவதாகும்.

இரும்பும், உலைக்கு வேண்டிய விறகும், சம்மட்டியை இயக்கும் ஓடைநீரும் ஒருங்கே வாய்த்த பகுதி அது. 1558-ஆம் ஆண்டில் மன்னர் முதலாம் ஃபெர்டினாண்டின் ஆணையால் தாழ்நில நாடுகளிலிருந்து துப்பாக்கிக் கம்மியர் அங்குக் குடியேறினர் என்பது அவ்வூர் மரபு. பல தலைமுறைகள் அவ்வூரார் அரசப் படைகளுக்குத் துப்பாக்கி செய்து வாழ்ந்தனர். 1864-இல் ஸ்டெயர் நகரில் யோசெஃப் வெர்ண்டல் பெரும் தொழிற்சாலையை நிறுவினார். எந்திரத்தின் விரைவோடு கைத்தொழில் போட்டியிட இயலுமா? படைத்துறை வேலை கைநழுவிப் போயிற்று. ஊர் அழிந்துவிடவில்லை, வேட்டைத் துப்பாக்கியின் பக்கம் திரும்பிற்று. 1878-இல் தோன்றிய தொழிற்பள்ளி, தந்தை மகனுக்குக் கற்பித்த நுட்பங்களை முறைப்பட்ட கல்வியாக்கியது.

அக்கம்மியரின் திறனை ‘கிப்லௌஃப்’ எனப்படும் ஒற்றைக்குழல் துப்பாக்கியில் நன்கு காணலாம். குழல் கீலில் மடிந்து தாழும். ஒரே ஒரு தோட்டாவை இட்டு நிமிர்த்திப் பூட்டுவர். தோட்டாவை முன்பின் நகர்த்தும் நீண்ட பொறி இன்மையால் துப்பாக்கி குட்டையாகவும் எடை குறைந்ததாகவும் அமையும். ஷாமோய் என்னும் மலையாட்டைத் தேடிச் செங்குத்தான பாறைகளில் ஏறுவோனுக்கு இதுவே தேவை. பல துப்பாக்கிகளில் விசையைக் கட்டைவிரலால் தள்ளி ஏற்றுவர். சுடும் கணத்திற்குச் சற்றுமுன் வரை அஃது ஏற்றப்படாமலே இருக்கும். ஏறுவோன் இடறி விழுந்தாலும் இடர் குறைவு.

குழல் செய்வோர், பூட்டு அமைப்போர், கட்டை செதுக்குவோர், சித்திரம் பொறிப்போர் எனப் பலர் கைப்பட்டே ஒரு துப்பாக்கி உருவாகிறது. வாங்குவோரின் கைநீளம், தோளகலம், கழுத்தின் உயரம் ஆகியவற்றை அளந்து வால்நட் மரத்தில் கட்டையைக் கடைகின்றனர். இரும்பின்மீது கரி பூசி மரத்தில் பதித்து, கரி ஒட்டிய இடத்தை மட்டும் சீவுவர். மயிரிழை இடைவெளியும் இல்லாதவாறு இரண்டும் பொருந்தும்வரை இவ்வேலை தொடரும். உள்ளே மறைந்திருக்கும் பகுதிக்கும் வெளியே தோன்றும் பகுதிக்கும் ஒரே கவனம் தரப்படுவதே இக்கலையின் மேன்மை.

1898-ஆம் ஆண்டு மாதிரி மௌசர் துப்பாக்கி ஐந்து தோட்டாக்களைத் தன்னுள் கொண்டது. அதன் பின்னரும் ஒற்றைத் தோட்டாவை விரும்பியோர் இருந்தனர். மறுவாய்ப்பு எளிதில் கிட்டாது என்பதை அறிந்தவன் நெருங்கிச் செல்வான், காத்திருப்பான், ஐயம் தோன்றின் சுடாது திரும்புவான். விலங்கு துன்புறாது மடியவேண்டும் என்பதே அவனது நெறி. வீழ்ந்த விலங்கின் வாயில் பசுந்தழை ஒன்றை இறுதிக் கவளமாக வைக்கும் வழக்கம் ஜெர்மானிய மொழி வழங்கும் நாடுகளில் உண்டு. இத்துப்பாக்கிகளை வாங்கியோர் பெரும்பாலும் செல்வர் என்பதும், வேட்டை உயிர்க்கொலையே என்பதும் மறுக்கவியலாதவை. பசுந்தழை கொலையை நீக்கிவிடாது. கொன்றவன் அதனை மறந்துவிடாமல் காக்கும்.

2010-இல் ஃபெர்லாக் துப்பாக்கிக் கம்மியரின் கலை ஆஸ்திரியாவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. போற்றப்பட்டது கொல்லும் ஆற்றல் அன்று. பொறுமையைக் கைவிடாத கைகளே. ஒருமுறை வெளிப்பட்டது மீளாது என்பதை உணர்ந்து ஒவ்வொன்றையும் ஆய்ந்து செய்யும் அக்கம்மியரின் உள்ளத்தைச் சொல்லாளும் கவிஞர் எளிதில் அறிவர்.