அனிமுஸும் ஆதவனும்: யுங்கின் ஆண்மைக் கோட்பாட்டில் சோதிடத்தின் சுவடுகள்

மேய்ப்புப்பணி உளவியலைப் பயிலும் மாணவர் எவரும் கார்ல் குஸ்தாவ் யுங்கின் பெயரைக் கேளாதிருத்தல் அரிது. அவருடைய நூல்களுள் புகுந்த சிறிது நேரத்திலேயே அவர்கள் தமக்கு முன்னரே பழகிய சொல்லொன்றைச் சந்திக்கின்றனர். யோவான் நற்செய்தியின் முதல் வசனத்தில் கிரேக்க மூலத்தில் நிற்கும் ‘லோகோஸ்’ என்பதே அச்சொல். யுங்கின் ஏட்டில் அது ஆண்மையின் தத்துவம்; அதற்கு இணையாகப் பெண்மையின் தத்துவமாக ‘ஏரோஸ்’ நிற்கிறது. பெண்ணின் நனவிலி மனத்தில் உறையும் ஆணுருவை அவர் அனிமுஸ் என்றார். ஆணின் நனவிலியில் உறையும் பெண்ணுருவை அனிமா என்றார். அனிமுஸ் தந்தைக்குரிய லோகோஸுக்கும் அனிமா தாய்க்குரிய ஏரோஸுக்கும் ஒத்தவை என்பது 1951இல் வெளிவந்த ‘அயோன்’ என்னும் நூலில் அவர் தரும் விளக்கம். இதனைப் படிக்கும் போதகர் ஒருவர், ‘கிறிஸ்து லோகோஸ், லோகோஸ் ஆண்மை, ஆகவே’ என்று தொடங்கி, பிரசங்க பீடத்திலும் இல்லத்திலும் பெண்ணுக்குரிய இடம் இன்னதென முடிவு கட்டிவிடுவது மிக எளிது. அம்முடிவுக்குச் செல்லுமுன், யுங் கூறும் இந்த லோகோஸ் எவ்வழியாக அவர் கைக்கு வந்தது என வினவுதல் நம் கடமை. யோவானின் சொல்லை அவர் எடுத்தாண்டாரெனினும், அச்சொல்லுக்கு அவர் அளித்த பாலினம் கோள்களினின்று வந்தது என்பதே நாம் இங்கு எடுத்துரைக்க விழைவது.

யுங் குருமனையில் பிறந்தவர். 1875 சூலை 26இல் சுவிட்சர்லாந்தின் கெஸ்வில் என்னும் சிற்றூரில், சீர்திருத்தத் திருச்சபையின் போதகராகிய பவுல் யுங்கின் மகனாகத் தோன்றினார். தாய்வழிப் பாட்டனார் சாமுவேல் பிரைஸ்வெர்க் பாசல் நகரத் திருச்சபையின் தலைமைக் குருவாகவும் எபிரேய மொழியறிஞராகவும் விளங்கியவர். சிறிய தந்தையர், மாமன்மார் என உறவினருள்ளும் போதகர் பலர் இருந்தனர். திடப்படுத்தல் வகுப்பில் திரித்துவப் பாடம் வந்தபோது, தமக்கே அது விளங்கவில்லை என்று கூறித் தந்தை அதனைக் கடந்து சென்றதை யுங் தம் முதுமையில் நினைவுகூர்ந்திருக்கிறார். விளக்கம் வேண்டி ஏங்கிய சிறுவனுக்குத் திருச்சபை அளித்தது மௌனம். பிற்காலத்தில் அவர் அவ்விளக்கத்தை வேறிடங்களில் தேடினார் என்பதை நாம் கண்டிக்குமுன், அந்த வகுப்பறையையும் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அத்தேடலில் சோதிடம் மிகத் தொடக்கத்திலேயே இடம்பெற்றது. 1911 மே, சூன் மாதங்களில் சிக்மண்டு பிராய்டுக்கு எழுதிய கடிதங்களிலேயே, உளவியல் உண்மைக்கான திறவுகோலைத் தேடி மாலை வேளைகளைச் சாதகக் கணிப்பில் செலவிடுவதாக யுங் தெரிவிக்கிறார். அனிமுஸ் என்னும் கோட்பாடு அப்போது உருப்பெறவில்லை. தொல்படிமம் என்னும் சொல்லையே அவர் 1919இல்தான் கையாண்டார். அனிமா, அனிமுஸ் ஆகிய இரண்டையும் விரிவாக வகுத்துக் கூறியது 1928இல். ஆகவே ஆண்மை பெண்மை பற்றிய அவருடைய கோட்பாடு முதிர்வதற்கு ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே அவர் சாதகம் கணிக்கத் தொடங்கிவிட்டார். இக்கால வரிசை நம் வாதத்திற்கு இன்றியமையாதது. இந்த ஈடுபாடு இளமையின் விளையாட்டாக முடிந்துவிடவுமில்லை. 1937ஆம் ஆண்டு இறுதியில் இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவிற்காக அவர் நம் நாட்டிற்கு வந்தார். பின்னர், 1947 செப்டம்பரில், பெங்களூரில் சோதிட இதழ் நடத்திவந்த பி. வி. இராமனுக்கு அவர் எழுதிய கடிதம் அச்சில் உள்ளது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமக்கு இத்துறையில் ஈடுபாடு உண்டென்றும், நோயைக் கணிப்பது கடினமாகும்போது நோயாளியின் சாதகத்தையும் பார்ப்பது தம் வழக்கமென்றும் அதில் அவர் தெரிவிக்கிறார்.

இனி, சோதிடத்தில் ஆணும் பெண்ணும் எவ்வாறு வகுக்கப்பட்டனர் என்பதைக் காண்போம். மேற்கத்திய சோதிடத்தின் அடிப்படை நூல், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி எழுதிய ‘டெட்ராபிப்ளோஸ்’. ஈரத் தன்மை மிகுந்த திங்களும் வெள்ளியும் பெண். வறட்சி மிகுந்த ஞாயிறு, சனி, வியாழன், செவ்வாய் ஆகியவை ஆண். புதன் இரண்டிற்கும் பொது. இராசிகளும் மேடம் தொடங்கி ஆண், பெண், ஆண், பெண் என மாறிமாறி எண்ணப்படும். இதிலும் வியப்புக்குரிய விதியொன்று உண்டு: ஞாயிற்றுக்கு முன் காலையில் எழும் கோள் ஆண் தன்மை பெறும், மாலையில் தோன்றும் கோள் பெண் தன்மை பெறும். எனவே ஆண்மை என்பது கோளின் இயல்பு என்று தொடங்கிய தாலமியே, அது கோள் நிற்கும் நிலையைப் பொறுத்தது என்றும் கூறிவிடுகிறார். ஈரமும் வறட்சியும் கிரேக்க இயற்பியலின் கருத்துகள். உள்ளத்தின் ஆழத்தை ஆராய்ந்து அவர் இப்பட்டியலை எழுதினாரல்லர்.

நம் நாட்டுச் சாத்திரத்திலும் இதே வகுப்பு உண்டு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் ‘பிருகத் சாதகம்’ திங்களையும் வெள்ளியையும் பெண் கோள்களாகவும், புதனையும் சனியையும் அலிக் கோள்களாகவும், ஏனைய மூன்றையும் ஆண் கோள்களாகவும் கொள்கிறது. புராணத்திலோ சந்திரன் தக்கனின் இருபத்தேழு பெண்களை மணந்த கணவன்! ஒரே பண்பாட்டில் கதையில் ஆணாக இருப்பவன் சாதகக் கட்டத்தில் பெண்ணாகிவிடுகிறான். கணித சோதிடத்தின் கலைச்சொற்கள் சில கிரேக்கத்தினின்று வந்தவை என்பது அறிஞர் பலரும் ஏற்றுக்கொண்ட செய்தி. இம்முரண்பாட்டின் காரணத்தையும் அங்கேயே தேடலாம். ஞாயிறு, திங்கள் என்னும் நம் தமிழ்ச் சொற்களோ ஆணையும் காட்டா, பெண்ணையும் காட்டா. யுங்கின் தாய்மொழியாகிய ஜெர்மனில் ஞாயிறு பெண்பாற்சொல், திங்கள் ஆண்பாற்சொல். இவற்றைப் பற்றி எழுதும்போது அவர் சோல், லூனா என்னும் இலத்தீன் பெயர்களையே பெரிதும் ஆள்கிறார். அந்த இலத்தீன், இரசவாத ஏடுகளின் இலத்தீன்.

‘அயோன்’ நூலில் அனிமா, அனிமுஸ் பற்றிய இயலுக்கு யுங் இட்ட தலைப்பு ‘சிசிகி’ என்பது. ஒரே நுகத்தில் பிணைக்கப்பட்டவை என்பது இக்கிரேக்கச் சொல்லின் பொருள். வானியலில் இது ஞாயிறும் திங்களும் ஒரு நேர்கோட்டில் நிற்கும் நிலையை, அதாவது அமாவாசையையும் பௌர்ணமியையும் குறிக்கும். (அமாவாசை என்னும் வடசொல்லும் உடனுறைதல் என்றே பொருள்படும்.) திருச்சபை வரலாறு பயின்ற நம் வாசகருக்கோ இச்சொல் வேறோரிடத்தில் அறிமுகமானது. ஏறத்தாழ கி.பி. 180இல் இரேனியு எழுதிய மறுப்புநூல், வாலென்டினுவின் மாணாக்கர் போதித்த முப்பது ஏயோன்களை ஆண் பெண் இணைகளாக வரிசைப்படுத்திக் காட்டுகிறது. அவ்விணைகளின் பெயர் சிசிகி. அவற்றுள் லோகோஸ் கணவன், சோயே என்னும் உயிர் அவன் துணைவி. யோவான் எழுதியதில் ஜீவன் வார்த்தைக்குள்ளேயே இருந்தது. வாலென்டினியரோ அதனைப் பிரித்தெடுத்து, லோகோஸை ஆணாக்கி, உயிரை அவனுக்கு மணம் செய்துவைத்தனர். வாலென்டினுவும் தாலமியின் அலெக்சாந்திரியாவில், தாலமியின் நூற்றாண்டிலேயே கல்வி பயின்றவர் என்பதைச் சேர்த்து நோக்கினால், லோகோஸுக்குப் பெண் துணை தேடிய உள்ளமும் வானத்துக் கோள்களுக்குப் பால் வகுத்த உள்ளமும் ஒரே காற்றைச் சுவாசித்தவை என்பது புலனாகும். இரேனியு எதிர்த்தது வெறும் கற்பனைக் கதையை அன்று. தேவனுடைய வார்த்தையை இணையில் ஒரு பாதியாக்குவதையே அவர் எதிர்த்தார்.

அலெக்சாந்திரியாவின் இச்சரக்கு யுங்கின் நகரமாகிய பாசலுக்கு வந்த வழியில் நம் சீர்திருத்தத் தந்தையருக்கும் பங்குண்டு என்பதை மறைப்பதற்கில்லை. தாலமியின் அந்நூலைக் கிரேக்க மூலத்துடன் இலத்தீனில் பெயர்த்து, 1553இல் அதே பாசலில் அச்சேற்றியவர் வேறெவருமல்லர், லூத்தரின் உடனூழியர் மெலாங்தனே. லூத்தர் தம் நண்பரின் சோதிட ஆர்வத்தை எள்ளி நகையாடினார். கால்வின் 1549இல் பிரெஞ்சு மொழியில் சோதிடத்திற்கு எதிராகத் தனி நூலே எழுதினார். இவ்வாறு சீர்திருத்தத் திருச்சபையினர் இருபுறமும் நின்றனர். மெலாங்தனுக்கு ஒரு தலைமுறை முன்னதாக, 1527இல் பாசலின் நகர மருத்துவராக இருந்த பாராசெல்சு, வானத்து விண்மீன்களுக்கு நிகரான வானமொன்று மனிதனுக்குள்ளேயே இருப்பதாகக் கற்பித்தார். பிற்கால இரசவாதிகள் சோல், லூனா ஆகியோரின் திருமணத்தைத் தம் குடுவைக்குள் நடத்தினர். யுங் தம் வாழ்வின் பிற்பகுதியை இவ்வேடுகளில் செலவிட்டார். 1955, 1956 ஆண்டுகளில் இரு பகுதிகளாக வந்த அவருடைய பெருநூல் ‘மிஸ்தேரியும் கொனியுங்சியோனிஸ்’ முற்றிலும் இத்திருமணத்தைப் பற்றியதே. லோகோஸும் ஏரோஸும், ஞாயிறு, திங்கள் என்னும் தொல்படிமங்களை அறிவின் மொழியில் வகுத்துக்கூறும் நிகர்கள் என்று அந்நூலில் அவரே எழுதிவிடுகிறார். நாம் தேடிய வாக்குமூலம் இதுவே.

யுங்கின் சார்பில் ஒன்று கூறலாம். விண்மீன்கள் நமக்குப் பாலினத்தைக் கற்பிக்கவில்லை, நாமே நம் உள்ளத்தின் படிமங்களை வானத்தில் எழுதினோம், ஆகவே சோதிடம் பண்டையோரின் உளவியலே என்பது அவர் நிலை. இது நுட்பமான விடை. எனினும் மனித குலம் அனைத்திற்கும் பொதுவான படிமம் என்றால், ஜெர்மன் மொழியில் ஞாயிறு ஏன் பெண்பால்? ஜப்பானியரின் ஞாயிற்றுத் தெய்வம் அமத்தெரசு ஏன் பெண்? பொதுமைக்குச் சான்றாக நின்றது, பெரும்பாலும் தாலமியின் வழித்தோன்றல்கள் எழுதிய ஏடுகளே.

இவ்விணைப்பை எண்ணிக்கையாலும் சோதித்துப் பார்க்க யுங் துணிந்தார். 1952இல் இயற்பியலறிஞர் வோல்ஃப்காங் பவுலியுடன் சேர்ந்து வெளியிட்ட நூலில் அவ்வாய்வு உள்ளது. 483 தம்பதியரின் சாதகங்கள் மூன்று தொகுதிகளாக ஆராயப்பட்டன. மணமகளின் திங்கள் மணமகனின் ஞாயிற்றோடு சேர்வதே திருமணத்தின் குறி என்பது பழைய மரபு. சாதகப் பொருத்தம் பார்ப்போரை அறிந்த நமக்கு இது விந்தையன்று. 180 தம்பதியர் அடங்கிய முதல் தொகுதியில் அச்சேர்க்கையே முதலிடம் பெற்றது, 18 பேரிடத்தில். இரண்டாம் தொகுதியின் 220 தம்பதியரில் திங்களோடு திங்கள் சேர்வது முந்தியது; 83 பேருடைய மூன்றாம் தொகுதியில் இலக்கினத்தோடு திங்கள் சேர்வது. தொகுதிகளை ஒன்றாக்கியபோது வேறுபாடுகள் தற்செயலின் அளவிற்குள் அடங்கின. பெருந்தொகையில் சோதிடத்திற்குச் சான்று கிடைக்கவில்லை என்பதை யுங் ஒளிக்கவில்லை. ஆயினும் தோல்வி என்று ஏற்காமல், ஆய்வோரின் உள்ளமும் நிகழ்ச்சியும் காரணத் தொடர்பின்றிப் பொருளால் ஒத்திசைந்தன என்று விளக்கினார். எந்த முடிவு வந்தாலும் வீழாத கோட்பாட்டை ஆய்வு என்றழைப்பது நமக்கு இயலவில்லை.

இதன் சுமை யார் தலையில் வீழ்ந்தது என்பதையும் நோக்க வேண்டும். 1928ஆம் ஆண்டு விளக்கத்தின்படி, அனிமுஸினின்று பெண்ணுக்கு வருவன ஆராயாத கருத்துகள். அவள் விடாப்பிடியாக வாதிட்டால், அனிமுஸின் பிடியில் இருக்கிறாள். ஆண் வாதிட்டால் அது சிந்தனை! யுங்கின் துணைவியார் எம்மா இதனை உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது. 1931 நவம்பரில் சூரிச்சில் அவர் படித்த கட்டுரை, கேதேயின் பௌஸ்து லோகோஸ் என்னும் சொல்லை மொழிபெயர்க்கத் தடுமாறும் காட்சியை எடுத்து, ஆற்றல், செயல், வார்த்தை, பொருள் என நான்கு நிலைகளைக் காட்டி, பெண் தன் அறிவாற்றலைத் தானே வளர்த்தெடுக்க வேண்டிய தேவையை வலியுறுத்துகிறது. எனினும் லோகோஸ் ஆணுக்குரியது என்னும் அடித்தளத்தை அவரும் அசைக்கவில்லை. அவ்வடித்தளத்தையே வினவியவர் சமயவியல் அறிஞர் நவோமி கோல்டன்பெர்க். அவருடைய கட்டுரை 1976இல் வந்தது. இதற்கிடையே 1936இல் டேன் ருத்யார் எழுதிய நூல் வாயிலாக யுங்கின் சொற்கள் சோதிடர் கைக்கே திரும்பிச் சென்றுவிட்டன. பெண்ணின் சாதகத்தில் ஞாயிறும் செவ்வாயும் நிற்கும் இடங்களைக் கொண்டு அவளுடைய அனிமுஸைக் கூறும் வழக்கம் அவ்வாறு பரவியது.

திருமறையில் ஞாயிறும் திங்களும் எவ்வாறு நிற்கின்றன? யோசேப்பின் கனவில் ஞாயிறு தந்தையாகவும் திங்கள் தாயாகவும் யாக்கோபால் கொள்ளப்பட்டன. சங்கீதம் 19இல் ஞாயிறு மணவாளனைப்போல் புறப்படுகிறது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரமோ இரண்டிற்கும் பெயர்கூட இடாமல், பெரிய சுடர், சிறிய சுடர் என்றுமட்டும் கூறுகிறது. அதே அதிகாரத்தில் ஆணும் பெண்ணும் ஒரே சாயலில், ஒருங்கே படைக்கப்படுகின்றனர். நீதிமொழிகள் எட்டாம் அதிகாரத்தில் படைப்பின்போது கர்த்தரருகே நின்று பேசும் ஞானம் எபிரேயத்தில் பெண்பால். யோவானின் லோகோஸுக்குப் பின்புலமாக அறிஞர் பலர் காட்டுவது இந்த ஞானத்தையே. கிறிஸ்துவைக் குறிப்பதாகத் திருச்சபை பாடிவரும் நீதியின் சூரியன், மல்கியா 4:2இன் மூலத்தில், பெண்பால் வினைமுற்றோடு உதிக்கிறது. அச்சூரியனின் செட்டைகளைக் குறிக்கும் விகுதியும் பெண்பாலே.