மஃரிப்

'கரப' என்றால் அரபியில் மறைதல், அகன்று போதல். அந்த வேரில் முளைத்த 'மஃரிப்' சூரியன் மறையும் இடத்தையும் மறையும் நேரத்தையும் ஒருசேரக் குறிக்கும். மேற்குத் திசை, அந்தித் தொழுகை, மொராக்கோ நாடு மூன்றுக்கும் அரபியில் இதுவே பெயர். ஊரைவிட்டு அகன்ற அந்நியனான 'கரீப்' உறவுக்காரச் சொல். உருதுவில் அது ஏழையைக் குறிக்கும். அந்த வேரின் முதல் ஒலி நம் எழுத்தில் இல்லை; மஃரிபில் அதற்குத் தமிழ் முஸ்லிம்கள் ஆய்தத்தைக் கொடுத்துவிட்டார்கள். தமிழின் 'மேற்கு' நிலத்தின் மேட்டைப் பார்த்துப் பிறந்தது என்பார்கள். மஃரிபோ வானத்தைப் பார்த்துப் பிறந்த சொல்.

தொழுகைக்கு இந்தப் பெயர் சும்மா நிலைத்துவிடவில்லை. பாலைவன நாடோடிகள் இதையே 'இஷா' என்று சொல்லி வந்தார்கள். உங்கள் மஃரிப் தொழுகையின் பெயரில் அவர்கள் உங்களை மிஞ்ச விடாதீர்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. இஷா என்னும் இரவுத் தொழுகைக்கு நாடோடிகள் வைத்த பெயர் 'அதமா'. இருட்டியபின் ஒட்டகம் கறக்கும் வழக்கத்தை ஒட்டியது. இஷா என்பது இருள் சூழ்ந்த வேளை. 'இஷா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தித் தொழுகையும் மெல்ல இருட்டுக்குள் தள்ளிப்போயிருக்கும் என்றே எனக்குப் படுகிறது. பெயரைக் காத்தது நேரத்தைக் காத்தது.

அந்த நேரமோ மிகக் குறுகியது. சூரிய வட்டம் முழுதும் மறைந்ததும் தொடங்கி, செக்கர் வானம் மங்கியதும் முடியும் என்பது ஷாஃபி மரபு. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் இதுதான் நடைமுறை. செம்மைக்குப் பின் தங்கும் வெண்மையும் போகும்வரை உண்டு என்றார் இமாம் அபூ ஹனீஃபா. எங்கானாலும் அவசரம் ஒன்றுதான். பள்ளிவாசல் பலகையில் மற்ற வேளைகளின் ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) நேரம் வாரக்கணக்கில் மாறாமல் நிற்கும். மஃரிப் மட்டும் சூரியனோடு நகரும். பாங்கு சொன்ன சற்று நேரத்தில் தொழுகை தொடங்கும் அறிவிப்பான இகாமத் சொல்லிவிடுவார்கள். ரமலானில் மட்டும் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் உள்ளே போகக் கொஞ்சம் பொறுப்பார்கள்.

மஃரிபின் ஃபர்ளு, அதாவது கட்டாயத் தொழுகை, மூன்று ரக்அத். முதல் இரண்டில் இமாம் சத்தமாக ஓதுவார், மூன்றாவதில் மெதுவாக. பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகைகள் இரண்டாகச் சுருங்கும். இந்த மூன்று சுருங்காது. ஆனால் நேரத்தில் ஹஜ்ஜின்போது ஒரு விதிவிலக்கு: அரஃபாவில் கண்ணெதிரே சூரியன் மறைந்தாலும் ஹாஜிகள் அங்கே மஃரிப் தொழுவதில்லை. முஸ்தலிஃபா போய்ச் சேர்ந்து, இரவில், இஷாவோடு சேர்த்தே தொழுகிறார்கள்.