வாய்மையிலிருந்து நீதிக்கு: நண்பர் சங்கத்தாரின் வரலாறு காட்டும் நெறி

திருச்சபையின் அறப்போதனையில் நேர்மை என்பது பெரும்பாலும் தனிமனிதனுக்குரிய நற்குணமாகவே பேசப்பட்டு வருகிறது. பொய் சொல்லாதிருத்தல், கள்ள அளவைப் பயன்படுத்தாதிருத்தல், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். நீதியோ, அரசும் நீதிமன்றமும் கவனிக்க வேண்டிய பொருள் என ஒதுக்கப்படுகிறது. இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பு யாது? நேர்மை நம்மை நீதிக்கு இட்டுச் செல்லுமா? அல்லது நேர்மையில் நிறைவு கண்டவர்கள் நீதியை மறந்துவிடவும் கூடுமா? இவ்வினாக்களை ஆராய்வதற்கு, 'குவேக்கர்' எனப் பொதுவாக அழைக்கப்படும் நண்பர் சங்கத்தாரின் வரலாறு பெரிதும் துணைசெய்கிறது. அவர்களுடைய வெற்றியை மட்டுமன்றி, தயக்கத்தையும் தாமதத்தையும் சேர்த்தே இங்கு நோக்குவோம்.

1. ஆணையிட மறுத்தவர்கள்

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கிலாந்தில் உள்நாட்டுப் போரும் சமயப் பூசல்களும் நிகழ்ந்த காலத்தில், ஜார்ஜ் பாக்ஸ் (1624–1691) என்பவரின் பணியால் இச்சங்கம் தோன்றிற்று. மலைப்பொழிவில் ஆண்டவர் ஆணையிடுதலைப் பற்றிக் கூறியதையும் (மத்தேயு 5:33–37), யாக்கோபின் நிருபத்தில் அது மீண்டும் வலியுறுத்தப்படுவதையும் (5:12) இவர்கள் சொல்லுக்குச் சொல் ஏற்றனர். நீதிமன்றத்தில் ஆணையிட்டால்தான் உண்மை பேசுவேன் என்பது, மற்ற வேளைகளில் பொய் பேசலாம் என்பதற்கு ஒப்பாகும் என்பது இவர்தம் வாதம்.

இதற்காக இவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. 1662ஆம் ஆண்டுச் சட்டம், ஆணையிட மறுப்பதையே குற்றமாக்கியது. பலர் சிறையில் வாடினர். பலர் உடைமைகளை இழந்தனர். 1696ஆம் ஆண்டில்தான் ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி கூறுவதைப் பாராளுமன்றம் ஏற்றது. அப்போதும் குற்ற வழக்குகளில் சாட்சி கூறவும் அரசுப் பதவி வகிக்கவும் அவர்களுக்கு உரிமை கிடைக்கவில்லை.

இதே கொள்கை கடைத்தெருவிலும் செயற்பட்டது. அக்காலத்தில் பேரம் பேசியே பொருள் வாங்குவது வழக்கம். விற்பவர் மிகுதியாகக் கேட்பதும் வாங்குபவர் குறைத்துக் கேட்பதும், இருவரும் தாம் எண்ணாத ஒன்றைச் சொல்வதாகும் என நண்பர் சங்கத்தார் கருதினர். ஆகவே, ஒரே விலை சொல்லி அவ்விலைக்கே விற்றனர். தொப்பியைக் கழற்றி வணங்காத இவர்களிடம் தொடக்கத்தில் மக்கள் வாங்கத் தயங்கினர். காலப்போக்கில், ஒரு குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்றாமல் பொருள் தருவார்கள் என்ற நம்பிக்கை பிறந்ததாகப் பாக்ஸ் தம் நாட்குறிப்பில் பதிவு செய்கிறார். வாணிகம் பெருகிற்று, செல்வம் சேர்ந்தது. பார்க்ளேஸ், லாயிட்ஸ் ஆகிய வங்கிகளின் தோற்றத்தில் இச்சங்கத்தாருக்குப் பங்கு உண்டு.

2. விடை கிடைக்காத விண்ணப்பம்

நேர்மையால் வளர்ந்த இச்செல்வமே அடுத்த சோதனையாயிற்று. 1682இல் வில்லியம் பென் பிலடெல்பியா நகரை நிறுவினார். சமய உரிமை நாடி அங்குக் குடியேறிய நண்பர் சங்கத்தாருள் பலர், ஆப்பிரிக்க அடிமைகளை விலைக்கு வாங்கிப் பணிகொண்டனர். பென்னும் அடிமைகளை வைத்திருந்தவரே. அவர்கள் அடிமையை வாங்கியபோதும் ஒரே விலை சொல்லி, பொய்யின்றியே வாங்கியிருக்கக்கூடும். ஆனால் வாங்கப்பட்டது எது என்ற வினா எழுப்பப்படவில்லை.

அவ்வினாவை 1688ஆம் ஆண்டில் ஜெர்மன்டவுன் என்னும் ஊரிலிருந்த நால்வர் எழுப்பினர். பிரான்சிஸ் டேனியல் பாஸ்டோரியஸ் அவர்களுள் ஒருவர். பிறர் நமக்குச் செய்ய விரும்புவதை நாமும் அவர்களுக்குச் செய்யவேண்டும் என்னும் கட்டளையில் நிறமோ குலமோ விலக்கப்படவில்லை என அவர்கள் எழுதினர். மனிதரைத் திருடுகிறவனும் திருடப்பட்டவரை வாங்குகிறவனும் ஒரே தரத்தினர் என்றும் சுட்டினர். இவ்விரண்டாவது வாதம் நம் கவனத்திற்குரியது. திருட்டுப்பொருளை வாங்காதிருத்தல் நேர்மையின் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடியைக் கொண்டே அவர்கள் அடிமை முறையை அளந்தனர்.

மாதக் கூட்டம் இவ்விண்ணப்பத்தை மிகக் கனமான பொருள் எனக் கூறிக் காலாண்டுக் கூட்டத்திற்கு அனுப்பிற்று. அது ஆண்டுக் கூட்டத்திற்கு அனுப்பிற்று. ஆண்டுக் கூட்டம் முடிவு கூறுவது முறையன்று எனக் கைவிட்டது. பின்னர் மறக்கப்பட்ட அத்தாள் 1844ஆம் ஆண்டில்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. குழுக்களும் மன்றங்களும் நிறைந்த நம் சபைகளுக்கு இந்நடைமுறை புதியதன்று.

3. எழுதுகோலின் மனச்சாட்சி

ஜான் உல்மன் (1720–1772) நியூ ஜெர்சியில் ஒரு கடையில் எழுத்தராகப் பணியாற்றிய இளைஞர். ஒருநாள் முதலாளி, தமக்குரிய கருப்பினப் பெண்ணொருத்தியை விற்பதற்குக் கிரயப் பத்திரம் எழுதுமாறு பணித்தார். வாங்குபவரும் சங்கத்தைச் சேர்ந்த முதியவரே. உல்மன் மனம் நொந்தும் எழுதிக் கொடுத்தார். எழுதியபின், இவ்வழக்கம் கிறிஸ்தவ சமயத்திற்கு ஒவ்வாதது என இருவர் முன்னிலையிலும் கூறினார். அச்சொல் போதாது என்பதை அவர் மனச்சாட்சி உணர்த்திற்று. அதன்பின் அடிமைகளை மக்களுக்கு எழுதிவைக்கும் உயில்களை எழுத அவர் மறுத்தார். எழுதச்சொல்லி வந்தவர்களுள் சிலர் அவரோடு உரையாடியபின் அடிமைகளை விடுவிக்க இசைந்தனர்.

இங்குதான் வாய்மையும் நீதியும் சந்திக்கின்றன. பத்திரத்தில் எழுதப்படும் ஒவ்வொரு சொல்லும் சட்டப்படி உண்மையே. ஆயினும் மனிதரை உடைமை என எழுதுவது, கடவுளின் சாயலைப் பற்றிய பெரும்பொய் அல்லவா? 'ஆம் என்பது ஆம்' என்னும் கொள்கையை உல்மன் வாயிலிருந்து எழுதுகோலுக்கும், எழுதுகோலிலிருந்து உணவுமேசைக்கும் கொண்டு சென்றார். அடிமைகளின் உழைப்பால் விளைந்த சர்க்கரையைத் தவிர்த்தார். அடிமைகள் பணிசெய்த வீட்டில் தங்க நேர்ந்தபோது, அவர்களுக்கு உரிய கூலியைக் கொடுத்தார். தம் வாணிகம் பெருகி மனத்தைக் கவர்வதைக் கண்டு, அதைக் குறைத்துத் தையல் தொழிலோடு அமைந்தார்.

4. சபை ஒழுங்கும் நாட்டின் சட்டமும்

தனிமனிதனின் மனச்சாட்சி மட்டும் மாற்றத்தை விளைவித்ததாக எண்ணுவது தவறு. சபையின் ஒழுங்குமுறை அதற்கு வடிவம் தந்தது. 1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமைகளை வாங்குவோரும் விற்போரும் சபையின் ஆலோசனைக் கூட்டங்களில் பங்குபெறுவதைத் தடுத்தது. அடிமை வைத்திருந்த உறுப்பினர்களின் வீடுகளுக்குச் சென்று பேச ஒரு குழுவையும் அமர்த்திற்று. உல்மன் அதில் ஒருவர். இஃது அருட்பணியாளரின் இல்லச் சந்திப்பே. ஆயின், நோயுற்றோரை ஆற்றுவதற்கன்றி, செல்வரின் கணக்கேடுகளைப் பற்றிப் பேசுவதற்கு அமைந்த சந்திப்பு அது. 1776இல், அடிமைகளை விடுவிக்க மறுப்போர் சபையினின்று நீக்கப்படுவர் என அறிவிக்கப்பட்டது. ஜெர்மன்டவுன் விண்ணப்பத்திலிருந்து இம்முடிவுவரை 88 ஆண்டுகள் கடந்திருந்தன. உல்மன் அதைக் காணவில்லை; 1772இல் இங்கிலாந்தில் யார்க் நகரில் பெரியம்மையால் இறந்திருந்தார்.

தன் இல்லத்தை ஒழுங்குபடுத்திய பின்னரே இச்சபை நாட்டை நோக்கிப் பேசிற்று. 1783இல் அடிமை வாணிகத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்திற்கு விண்ணப்பித்தனர். 1787இல் லண்டனில் அமைந்த ஒழிப்புக் குழுவின் பன்னிருவருள் ஒன்பதின்மர் நண்பர் சங்கத்தார். 1807இல் அடிமை வாணிகமும், 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடிமை முறையும் பிரித்தானிய ஆட்சியில் ஒழிக்கப்பட்டன. அடிமைகளின் விடாத எதிர்ப்பும் பிற சபையாரின் உழைப்பும் இதற்குக் காரணமாயின என்பதை மறத்தலாகாது.

5. எல்லைகள்

இச்சட்டத்தின் குறைகளும் நமக்குப் பாடமே. உடைமையாளருக்கு இரண்டு கோடி பவுன் ஈட்டுத்தொகை வழங்கப்பட்டது, அடிமைகளாயிருந்தோருக்கு ஒன்றுமில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளும் இலங்கையும் இச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. கம்பெனி ஆட்சியில் 1843இலும், இலங்கையில் 1844இலும், திருவிதாங்கூரில் 1855இலும்தான் தனித்தனிச் சட்டங்களும் அறிவிப்புகளும் வந்தன.

சபைக்குள்ளும் குறை இருந்தது. அடிமைகளை விடுவித்த நண்பர் சங்கத்தாரின் ஆலயங்கள் சிலவற்றில், கருப்பின மக்களுக்கெனத் தனி இருக்கைகள் 19ஆம் நூற்றாண்டிலும் இருந்தன. நம் நாட்டிலும், 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாடுகளைக் கைவிடுமாறு ஆணையிட்டபோது, தஞ்சைச் சபையார் பலர் அதை வன்மையாக எதிர்த்ததை நாம் அறிவோம். விடுதலையை அறிவிப்பது எளிது. அருகில் அமர்வது அரிது.

மற்றொரு நிகழ்ச்சியையும் நோக்குவோம். நேர்மையான வாணிகத்திற்கும் தொழிலாளர் நலனுக்கும் பெயர்பெற்ற காட்பரி நிறுவனம் அக்காலத்தில் நண்பர் சங்கத்தாருடையதாக இருந்தது. போர்ச்சுக்கீசிய ஆட்சியிலிருந்த சான் தோமே தீவில், பெயரளவில் ஒப்பந்தக் கூலிகளாயினும் உண்மையில் அடிமைகளாயிருந்தோர் கொக்கோ விளைத்தனர். இச்செய்தி 1901இல் நிறுவனத்தாருக்கு எட்டியது. விசாரித்தனர், ஆள் அனுப்பி ஆராய்ந்தனர், அரசோடு பேசினர். ஆயின், அக்கொக்கோவை வாங்குவதை 1909இல்தான் நிறுத்தினர். இதைக் கண்டித்த நாளிதழின்மீது அவர்கள் தொடுத்த அவதூறு வழக்கில் வெற்றி அவர்களுக்கே. ஆனால் நடுவர் குழுவினர் அளித்த இழப்பீடு ஒரு பார்திங், அதாவது கால் பென்னி.

6. நமக்குரிய பொறுப்பு

இவ்வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகள் நமக்குத் தெளிவாகின்றன. முதலாவதாக, நேர்மை நீதிக்கு வாயிலாகலாம். ஆனால் அவ்வாயிலிலேயே நின்றுவிடவும் இடமுண்டு. சரியான அளவோடு விற்றவர்களே மனிதரையும் விற்றனர். இரண்டாவதாக, எங்கோ நிகழும் அநீதியில் தன் கையெழுத்தும் கலந்துள்ளது என்பதை ஒருவன் காணும்போதே வாய்மை நீதியாக மாறத் தொடங்குகிறது. மூன்றாவதாக, அம்மனச்சாட்சிக்குச் சபை ஒழுங்கு துணைநிற்க வேண்டும். அன்றேல் அது ஒருவருடைய தனித்தன்மையாக மதிக்கப்பட்டு, அவரோடு மறைந்துபோம்.

ஆதலின், மலைப்பொழிவின் இப்பகுதியைப் போதிக்கும்போது, பொய் பேசாதீர்கள் என்னும் அறிவுரையோடு நாம் நின்றுவிடலாகாது. நம் சபைகளின் நிலங்களில் உழைப்போருக்கும், நம் நிறுவனங்களைத் துப்புரவு செய்வோருக்கும் எழுதப்படும் கூலிக்கணக்கு உண்மை பேசுகிறதா? பதவி நியமனங்களில் நாம் எழுதும் காரணங்களே உண்மையான காரணங்களா? திருமண விளம்பரங்களில் சாதியை எழுதிவிட்டு, திருவிருந்து மேசையில் ஒரே அப்பம் என்று நாம் கூறுவது எவ்வகை வாய்மை? இவ்வினாக்களை மிகக் கனமானவை எனக் கூறி அடுத்த மன்றத்திற்கு அனுப்பிவிடாதிருக்கும் துணிவைத் திருச்சபையின் தலைவர் நமக்கு அருள்வாராக.