ஒலிம்பிக் திடலிலிருந்து இலாகா அணிக்கு: வயதேறிய ஹாக்கி ஆட்டக்காரரின் பிற்காலம் குறித்து ஓர் ஆய்வு

புதுச்சேரியில் மாலை வெயில் தணிந்த பிறகு, மரநிழல் விழுந்த மண் தரைகளில் பெத்தாங்க் ஆடும் முதியவர்களைக் காணாதவர் இந்நகரில் சிலரே இருப்பர். பிரெஞ்சு ராணுவத்தில் சேவகம் செய்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய சொல்தாக்களும், அவர்களிடமிருந்து ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட அடுத்த தலைமுறையினரும், தரையில் கீறிய சிறு வட்டத்துக்குள் இரு பாதங்களையும் ஊன்றி நின்று, 650 கிராம் எடைக்குக் குறையாத எஃகு உருண்டையை உள்ளங்கை கீழ்நோக்கியிருக்கும்படி பிடித்து வீசுகிறார்கள். வீசிய உருண்டையைக் குனிந்தெடுக்க இடுப்பு இடங்கொடாத பெரியவர் ஒருவர், கயிற்றின் நுனியில் கட்டிய காந்தத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, கிணற்றில் வாளி விடுவதுபோல் மெல்ல இறக்கி, உருண்டை அதில் ஒட்டிக்கொண்டதும் மேலே இழுத்துத் துணியால் மண்ணைத் துடைப்பதை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன்.

இந்த ஆட்டத்தின் பிறப்பே வயோதிகத்தோடு சம்பந்தப்பட்டது. தென் பிரான்சின் லா சியோதா என்னும் துறைமுக ஊரில், 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ழூல் லெனுவார் என்ற தேர்ந்த ஆட்டக்காரர் வாதநோயால் பீடிக்கப்பட்டு, அப்பகுதியின் பழைய உருண்டையாட்டத்திற்கு இன்றியமையாத ஓட்டத்தை இழந்துவிட, அவருடைய நண்பர் எர்னஸ்ட் பித்தியோ ஓட்டத்தை நீக்கி, தூரத்தைக் குறைத்து, நின்ற இடத்திலிருந்தே வீசும்படி விதிகளைத் திருத்தியமைத்தார். ஒரு மனிதருக்கு மூட்டு தேய்ந்தது என்பதற்காக ஓர் ஆட்டமே தன்னை வளைத்துக்கொண்ட அபூர்வமான சரித்திரம் இது.

ஹாக்கி அவ்வாறு வளைந்து கொடுப்பதில்லை. ஒரு கஜத்தைச் சற்றே தாண்டிய நீளமுள்ள மட்டையைக் கொண்டு தரையோடு தரையாக உருளும் பந்தை ஆள வேண்டியிருப்பதால், ஆட்ட நேரம் முழுதும் முதுகை வளைத்தே ஓட வேண்டிய ஆட்டம் அது. முப்பதைக் கடந்தவனின் இடுப்பும் முழங்காலும் எவரும் சொல்லாமலே அவனுக்குக் கெடு சொல்லிவிடும். அவ்வாறாயின், நாட்டின் சட்டையை அணிந்து ஆடிய ஒருவன் அந்தச் சட்டையைக் கழற்றிய பின்னும் மட்டையைக் கீழே வைக்காமல் பத்துப் பதினைந்து வருஷங்கள் ஆடுகிறானே, அவன் எங்கே ஆடுகிறான், எதைக்கொண்டு ஜீவிக்கிறான், அந்தக் கீழ்த்தட்டுத் திடல் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்ற கேள்விகளை, தென்னாட்டு நிலைமையை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேல்நாட்டில், குறிப்பாக வட அமெரிக்காவின் பனித்தரை ஹாக்கியில், இதற்கு ஏணிப்படிகள் போன்ற ஏற்பாடு உண்டு. உச்சியிலுள்ள தேசிய லீக்கிலிருந்து இறங்குகிறவன் அதற்கு அடுத்த படியிலுள்ள சம்பள அணியில் சேர்கிறான்; அதிலிருந்தும் இறங்கினால் வேறொரு படி இருக்கிறது. டெட்ராய்ட் அணிக்கு இருபத்தைந்து பருவங்கள் ஆடி 1971-இல் ஓய்வு பெற்ற கோர்டி ஹோ, 1973-இல் போட்டி லீக்கைச் சேர்ந்த ஹூஸ்டன் அணியில் தம் இரு புதல்வரோடு மீண்டும் இறங்கி, இறுதியில் தேசிய லீக்குக்கே திரும்பி 52-ஆம் வயதில் விடைபெற்றார். செக் நாட்டின் யாரோமிர் யாகர், அமெரிக்காவில் பெரும் புகழ் ஈட்டிய பின், தாமே உரிமை கொண்டுள்ள கிளாத்னோ என்னும் சொந்த ஊர் அணிக்காக ஐம்பதைக் கடந்தும் ஆடினார். இவர்களுடைய பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் அங்கே ஆட்டமே தொழில், ஒப்பந்தமே சோறு என்பதால், படியிறங்குவது வருமானத்திலும் இறங்குவதாகும் என்பதை மனத்திற்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் ஹாக்கி வேரூன்றிய விதம் வேறு. கல்கத்தாவில் 1895-இல் பெய்ட்டன் கோப்பையும், பம்பாயில் 1896-இல் ஆகா கான் கோப்பையும், சென்னையில் 1901-இல் மதராஸ் கிரிக்கெட் கிளப்பின் போட்டியும் தொடங்கியபோது, மோதிக்கொண்டவை பெரும்பாலும் பட்டாளங்களும் ரயில்வேக்களும் சுங்க இலாகாக்களும் வெள்ளையர் கிளப்புகளுமே. ஊர்ப்பெயர் தாங்கிய வியாபார அணிகள் தோன்றவில்லை. உத்தியோகப் பெயர் தாங்கிய அணிகளே தோன்றின. பட்டாள முகாம் இருந்த இடமெல்லாம் ஹாக்கி முளைத்தது. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த நம் புதுச்சேரியில் அத்தகைய ஆங்கிலப் பட்டாள மரபு இல்லாமற்போனதால், இங்கே அது பின்தங்கியே வந்தது என்பது என் துணிபு.

இந்த இலாகா மரபே வயதேறிய ஆட்டக்காரனுக்கு நிழலாயிற்று. ரயில்வேயிலோ காவல் துறையிலோ வங்கியிலோ மட்டையின் பலத்தால் வேலை பெற்றவனுக்குச் சம்பளம் மாதாமாதம் வருகிறது. ஆட்டத்தை நிறுத்தினாலும் நாற்காலி போவதில்லை. இதில் நுட்பமான ஒரு விஷயம் அடங்கியிருக்கிறது. அவன் இந்திய அணிக்காக ஆடிய நாட்களிலும் இலாகா அணியை விட்டு நீங்கியவனல்லன். நாட்டுக்காகப் போனது, அலுவலக பாஷையில் சொன்னால், 'ஆன் டியூட்டி' போனதேயாகும். ஆதலால் இந்திய அணியிலிருந்து நீக்கப்பட்ட மறுவாரம் அவன் தன் இலாகாவுக்காகச் சென்னை லீக்கில் ஆட இறங்கும்போது, வீழ்ந்துவிட்டான் என்று சக ஊழியர் எவரும் நினைப்பதில்லை. வெளியூர் போனவர் வீடு திரும்பினார் என்றே கொள்கிறார்கள். கீழ்த்தட்டு என்று நாம் அழைப்பது அவனுக்குத் தாய்வீடு. மேல்நாட்டு ஏணிக்கும் நம் இலாகா அணிக்கும் உள்ள ஆதார வேற்றுமை இதுவே என்று கருதுகிறேன்.

பழைய உதாரணங்கள் இதற்கு அரண் செய்கின்றன. 1936 பெர்லின் ஒலிம்பிக்கோடு தியான் சந்தின் உலகப் பிரசித்தி உச்சத்தை எட்டிய பிறகும், ராணுவ உத்தியோகமும் ராணுவ ஹாக்கியும் அவரைத் தாங்கி நின்றன; 1947-48-இல், 42 வயதில், கிழக்கு ஆப்பிரிக்கப் பயணத்தில் 22 ஆட்டங்களில் 61 கோல்கள் அடித்தார். அவர் வந்தால்தான் அணி வரவேண்டும் என்று அழைத்தவர்கள் நிபந்தனை விதித்ததாகச் சொல்வார்கள். 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடிய லெஸ்லி கிளாடியஸ், அதன் பின்னும் கல்கத்தா சுங்க இலாகா அணியின் ஆட்டக்காரராகவே இருந்தார்.

அக்காலத்தில் வயதுக்கு இன்னொரு துணையும் இருந்தது: புல்லும் மண்ணும். மேடுபள்ளமான தரையில் பந்து வேகமிழந்து தத்தி வரும். அதை நிறுத்தி, மணிக்கட்டின் திருப்பத்தால் எதிரியை ஏமாற்றும் வித்தை கால் தளர்ந்தவனுக்கும் கைகொடுக்கும். 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை விரிக்கப்பட்ட பிறகு, பந்தின் வேகமும் ஓட்டத்தின் தூரமும் கூடி, உச்சநிலை ஆட்டம் இளங்கால்களின் சொத்தாயிற்று. ஆனால் அந்தத் தரை நம் ஊர்களுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன. இடைப்பட்ட காலத்தில் கீழ்த்தட்டுப் போட்டிகள் மண்ணிலும் புல்லிலுமே நடந்தமையால், உலக அரங்கில் காலாவதியான கைவித்தை ஊர்த் திடலில் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. வயதேறியவர்கள் அங்கே நீடித்ததற்கு உத்தியோகத்துக்கு அடுத்தபடியான காரணம் இதுவென்று சொல்லலாம்.

இனி, இந்தச் சரித்திரத்தின் எல்லாக் கட்டங்களையும் தம் ஒரு வாழ்விலேயே கடந்த ஒருவரைச் சற்று விரிவாகக் காண்போம். தன்ராஜ் பிள்ளை 1968 ஜூலை 16-இல், புனேயை அடுத்த கட்கியில், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தை நாகலிங்கம் பிள்ளை அங்கிருந்த ராணுவத் தளவாடத் தொழிற்சாலைத் திடலின் பராமரிப்பாளர். உடைந்த மட்டைகளையும் எறியப்பட்ட பந்துகளையும் வைத்துக்கொண்டு தொழிற்சாலைக் குடியிருப்பின் மண்ணில் கற்ற பிள்ளை, 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்குகளிலும், நான்கு உலகக் கோப்பைகளிலும், நான்கு ஆசிய விளையாட்டுகளிலும் ஆடினார். 1998-இல் பாங்காக்கில் அவர் தலைமையில், 32 ஆண்டுகளுக்குப் பின் இந்தியா ஆசியத் தங்கத்தை வென்றது. வென்ற கையோடு அவரும் வேறு சில மூத்தவர்களும் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். பிறகு சேர்க்கப்பட்டார். 2004 ஏதென்ஸில், ஏழாம் இடத்துக்காகத் தென்கொரியாவோடு நடந்த கடைசி ஆட்டத்தில், ஒரு நிமிஷத்துக்கும் குறைவான நேரமே அவருக்குக் களம் தரப்பட்டது. நான்கு ஒலிம்பிக் கண்ட ஒருவருக்கு அளிக்கப்பட்ட அந்த விடையை இன்று எண்ணினாலும் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஆனால் அவருக்குத் திடல் அத்தோடு மூடப்படவில்லை. மஹிந்திரா நிறுவன அணியில் தொடங்கி இந்தியன் ஏர்லைன்ஸில் வேரூன்றியிருந்த அவருக்கு உத்தியோகம் இருந்தது. லண்டனின் இந்தியன் ஜிம்கானா, மலேசியாவின் டெலிகாம் அணி, டாக்காவின் அபஹானி, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் கிக்கர்ஸ் என்று அந்நிய நாட்டுக் கழகங்கள் பலவற்றுக்கு அவர் ஆடியிருந்தார். அவற்றுள் பிரான்சின் லியோன் நகரக் கழகமும் ஒன்று என்பது புதுச்சேரிக்காரனாகிய எனக்குத் தனிச் சந்தோஷம். இங்கிருந்து தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி ஏந்தப் பிரான்சுக்குப் போனவர்களின் சரித்திரத்தில், மட்டையேந்திப் போன ஒரு தமிழனுக்கும் ஒரு வரி இடம் தரவேண்டும். அந்நியக் கழக ஆட்டம் இலாகா நிழலுக்கு அப்பால் திறந்த இரண்டாவது வாசல். ஆட்டத்திற்கு நேரடிச் சன்மானம் என்ற பழக்கம் நம்மவருக்கு இவ்வழியாகவும் வந்தது.

மூன்றாவது வாசல் 2005-இல் ஹைதராபாதில் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக். சென்னை வீரன்ஸ் என்னும் அணியையும் கொண்டிருந்த அந்த லீக், ஆட்டத்தை இரு பாதிகளுக்குப் பதிலாக நான்கு கூறுகளாகப் பிரித்தது. நினைத்த போதெல்லாம் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி முன்பே வந்துவிட்டிருந்தது. விளம்பரத்துக்கும் தொலைக்காட்சிக்கும் வசதியாகச் செய்த இடைவேளைகள், தளர்ந்த கால்களுக்கு மூச்சு வாங்கும் சாவகாசத்தைத் தந்தன. பிள்ளை 36 வயதில் மராட்டா வாரியர்ஸ் அணியில் ஆடினார். அந்த லீக் 2008-ஓடு நின்றது.

அடுத்து 2012-இல், பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, எட்டு அணிகளோடு வேர்ல்டு சீரீஸ் ஹாக்கி நடந்தது. சர்வதேசச் சம்மேளனத்தின் அங்கீகாரம் அதற்கில்லை. அதில் ஆடினால் லண்டன் ஒலிம்பிக் வாய்ப்பு பறிபோகும் என்ற அச்சத்தால் இளைஞர் பலர் ஒதுங்கினர். இழப்பதற்கு ஒலிம்பிக் இல்லாத மூத்தவர்கள் முன்வந்தனர். அங்கீகாரமற்ற ஒரு லீக், மூத்தோருக்கு இயல்பான புகலிடமாக ஆன விசித்திரம் இவ்வாறு நேர்ந்தது. சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் திடலில் சென்னை சீட்டாஸ் அணிக்காக ஆதம் சின்கிளேர் முதலியோர் ஆட, 43 வயதுப் பிள்ளை கர்நாடக லயன்ஸ் சட்டையில் இறங்கினார். அதுவும் ஒரே பருவத்தில் முடிந்தது. 2013-இல் ஹாக்கி இந்தியாவே ஏலம் போட்டுத் தொடங்கிய லீக்கிலோ, 36 வயதான நெதர்லாந்தின் தியூன் டி நோயெர் போன்ற அயல்நாட்டு மூத்தோருக்கு விலை கிடைத்தது. ஒரு காலத்தில் நம்மவர் அந்நியக் கழகங்களைத் தேடிப்போன பாதையில் அவர்கள் எதிர்த்திசையில் வந்தார்கள்.

லீக்குகள் தோன்றி மறைந்தபோதும் தோன்றாத் துணையாக நின்றது இலாகா அணியே என்பது இவ்வரலாற்றால் விளங்கும். கோவில்பட்டி இலட்சுமி அம்மாள் நினைவுப் போட்டிக்கும் சென்னை முருகப்பா தங்கக் கோப்பைக்கும் இன்றும் ரயில்வேக்களும் வங்கிகளும் கணக்குத் தணிக்கைத் துறையும் வருகின்றன. அவ்வணிகளின் பின்காவலில் நரை கலந்த ஒரு தலை அநேகமாகத் தென்படும். மூத்தவர் இடத்தை அடைத்துக்கொள்வதால் இளைஞருக்கு வேலை கிடைப்பதில்லை என்ற ஆக்ஷேபம் ஒன்றுண்டு. அது நியாயமற்றதென்று தள்ளிவிட முடியாது. ஆனால் குறை வேறிடத்தில் இருக்கிறது: பொதுத்துறை சுருங்கச் சுருங்க விளையாட்டு ஒதுக்கீட்டு நியமனங்களுக்கான இடமும் சுருங்குகிறது. பிள்ளையை ஆதரித்த இந்தியன் ஏர்லைன்ஸ் 2007-இல் ஏர் இந்தியாவோடு இணைந்தது. அந்த ஏர் இந்தியா 2022 ஜனவரியில் தனியார் வசமாயிற்று. ஏலத்தில் எடுக்கும் அணி ஆட்டக்காரனுக்கு ஒரு பருவத்துப் பணத்தைத் தரும். அறுபது வயது வரை நாற்காலி தராது. கீழ்த்தட்டு ஆட்டத்தைத் தாங்கிய பந்தற்கால் இந்த நாற்காலிதான் என்பதால், அதைப் பிடுங்கியபின் பந்தல் நிற்குமென்று நம்ப எனக்குத் துணிவில்லை.

2025 ஜூனில் ஹாக்கி இந்தியா, ஆடவரில் 40-ஐயும் பெண்டிரில் 35-ஐயும் கடந்தவர்களுக்கென்று மூத்தோர் கோப்பை ஒன்றைச் சென்னையில் முதன்முறையாக நடத்தியது. வயதேறியோர் ஆட்டத்துக்குத் தேசிய ஸ்தாபனமொன்று தனியிடம் வகுத்த இச்செயல் மிகவும் வரவேற்கத்தக்கது. பெத்தாங்குக்கு லா சியோதாவில் நேர்ந்ததை ஹாக்கி சற்றுத் தாமதமாக நெருங்கியிருக்கிறது.

நம் நகரத்து ஹாக்கிச் சங்கத்தின் பெயர் 'லெ புதுச்சேரி ஹாக்கி'. ஆங்கிலேயன் ஆட்டத்துக்கு முன்னால் பிரெஞ்சுச் சொல்லைச் சூட்டிய இப்பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். சென்ற மழைக்காலத்துக்கு முன் இங்கொரு பயிற்சி ஆட்டத்தைக் காணப் போயிருந்தேன். வலது பின்காவலில், நாற்பதைத் தாண்டிய, அரசு உத்தியோகஸ்தரான ஒருவர் நின்றார். ஓடவே இல்லை. முன்கள இளைஞன் ஒருவன் பந்தோடு பாய்ந்து வந்தபோது, இரண்டடி மட்டும் பக்கவாட்டில் நகர்ந்து, மட்டையைத் தலைகீழாகத் திருப்பித் தரையில் கிடத்தினார். பந்து தானாக வந்து அதில் மோதி நின்றது. ஆட்டம் முடிந்து ஓரத்தில் உட்கார்ந்தவர், முழங்காலில் சுற்றியிருந்த பட்டையை அவிழ்த்து வியர்வையைப் பிழிந்துகொண்டே, பக்கத்தில் நின்ற அந்த இளைஞனிடம், "நீ வலப்பக்கம் வெட்டுவேன்னு உன் தோளே காட்டிக் கொடுத்துடுச்சு தம்பி, நாளைக்கு வா, சொல்லித் தரேன்" என்றார். அவன் தன் மட்டையோடு அவருடையதையும் சேர்த்தெடுத்துக்கொண்டு சைக்கிள் நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தான்.