மாற்றுத்திறனாளி

மாற்று + திறன் + ஆளி. தொழிலாளி, நோயாளி போன்ற சொற்களில் வரும் அதே 'ஆளி' விகுதி; உடையவர் என்று பொருள். 'ஊனமுற்றோர்' என்பதற்குப் பதிலாக 2010-இல் தமிழக அரசு இச்சொல்லை நலத்துறையின் பெயரிலேயே ஏற்றது. ஊனம் வடமொழியில் 'குறைவு' எனப் பொருள்படும் 'ஊன' என்பதிலிருந்து வந்தது. தசையைக் குறிக்கும் தமிழ் 'ஊன்' வேறு.

குறையைச் சுட்டாத பெயருக்குப் பழைய சான்று ஒன்று: காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் பிறந்தவர் கூரத்தாழ்வான். வைணவ ஆசாரியர் இராமானுசரின் சீடர். சோழன் அவையில் கண்களை இழந்தார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். அதன் பின்னர்தான் காஞ்சி வரதர்மீது வரதராஜஸ்தவம் பாடினார் என்பது மரபு. அவரைப் பார்வையற்றவர் என்று சுட்டும் வழக்கமில்லை; ஊர்ப்பெயரே போதுமானது.

மாற்றுத்திறன் என்றதும் ஈடாக வேறொரு திறமை இருந்தாக வேண்டும் என எதிர்பார்ப்பது தவறு. சாய்தளம் கேட்பவர் வித்தை காட்ட வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது, திறமை எதையும் கேட்காமல். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கத் தமிழகம் 2025-இல் சட்டத்தைத் திருத்தியது. கிராம ஊராட்சிகளுக்கும் அது பொருந்தும்.